கட்டுப்பாட்டு அறைக்கு எழுதுதல்: ஊடாட்ட வடிவமைப்பை ஆவணமாக்கும் பயிற்சியும் நுரைச்சோலை எழுப்பும் கேள்விகளும்

1. கேள்வி

இலங்கையின் நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் பற்றி இரண்டு வகை எழுத்துகள் நம்மிடம் மிகுதியாக உண்டு. கடன், ஒப்பந்தம், சீனச் செல்வாக்கு எனப் பேசும் அரசியல் எழுத்து ஒன்று. நிலக்கரித் தூசு, சாம்பல், கடற்றொழில் எனப் பேசும் சூழலியல் எழுத்து மற்றொன்று. இரண்டும் தேவையானவை. ஆனால் 900 மெகாவாட் கொள்ளளவு கொண்ட அந்த நிலையத்தை ஷிப்ட் ஷிப்டாக இயக்குகிறவர்கள் எதைப் பார்த்து, எதைப் படித்து, எதை நம்பி முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி இரண்டிலும் இடம்பெறுவதில்லை. திரையில் ஓடும் எண், ஒலிக்கும் அலாரம், அடுத்துச் செய்யவேண்டியதைச் சொல்லும் கையேட்டுப் பக்கம் ஆகியவை யாரோ ஒருவர் யோசித்து அமைத்தவை. அந்த யோசனைக்குரிய துறை ஊடாட்ட வடிவமைப்பு. கைபேசிச் செயலிகளோடு மட்டும் சேர்த்துப் பேசப்படுவதால், கொதிகலனுக்கு முன்னாலும் அதே துறைதான் நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இக்கட்டுரை ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஊடாட்டத்தை வடிவமைக்கிறவர் தம் முடிவுகளைப் பிறருக்கு விளக்கவும் பதிவுசெய்யவும் பெறுகின்ற தொழிற்பயிற்சி, யாரை வாசகராகக் கொள்ள வேண்டும்? ஒப்புதல் தருகிறவரையா, பத்தாண்டு கழித்து அதை இயக்கப்போகிறவரையா? வடிவமைப்பு வகுப்பறைகளின் நடைமுறை பெரும்பாலும் முதலாமவரை நோக்கியே அமைந்திருக்கிறது. இரண்டாமவரை மையத்தில் வைத்தால் பயிற்சியின் உள்ளடக்கம், மதிப்பீடு இரண்டும் மாறியாக வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். நுரைச்சோலை நிலையத்தின் உள் ஆவணங்களை மதிப்பிடுவது இதன் நோக்கமன்று. அந்நிலையம் இயங்கும் சூழ்நிலையை இந்த வாதத்துக்கான உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன்.

2. இதுவரையான புரிதல்

ஊடாட்ட வடிவமைப்பு என்ற பெயர் 1980களில் பில் மோக்ரிட்ஜ், பில் வெர்ப்லாங்க் ஆகியோரால் வழக்குக்கு வந்தது. வடிவமைப்பு முடிவுகளைப் பதிவுசெய்வது பற்றிய சிந்தனை அதைவிட மூத்தது. 1970இல் வெர்னர் குன்ஸும் ஹோர்ஸ்ட் ரிட்டலும் ஒரு முறையை முன்வைத்தார்கள். எழுந்த கேள்வி என்ன, அதற்கு எத்தனை விடைகள் முன்வந்தன, ஒவ்வொன்றுக்கும் சார்பாகவும் எதிராகவும் சொல்லப்பட்டவை எவை என்று வரிசைப்படுத்துவது அது. 1991இல் ஆலன் மக்லீனும் உடன் ஆய்வாளர்களும் இதே வழியில் கேள்வி, தெரிவு, அளவுகோல் என்ற மூன்றையும் இணைத்துப் பதிவுசெய்யும் முறையை இடைமுக வடிவமைப்புக்கென்றே வகுத்தனர். இரண்டு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். வடிவமைப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொருளே காட்டிவிடும். ஏன் அப்படி இருக்கிறது என்பதை எழுதி வைத்தால்தான் உண்டு.

இதற்கு எதிர்நிலையும் வலுவானது. பீட்டர் நௌர் 1985இல் எழுதிய கட்டுரையில், ஒரு நிரலைக் கட்டுவோர் மனத்தில் உருவாகும் கோட்பாட்டை எந்த ஆவணமும் முழுமையாகச் சுமக்காது என்றார். அந்தக் குழு கலைந்தால் நிரல் செத்துவிடும் என்பது அவர் முடிவு. லூசி சச்மன் 1987இல் வெளியிட்ட நூல் ஒரு நகலெடுப்பு இயந்திரத்தை எடுத்துக்கொண்டது. உதவிக் குறிப்புகள் உள்ளேயே அமைந்த அந்த இயந்திரத்தின் முன் அறிவுள்ள மனிதர்கள் திணறிய காட்சிகளை அவர் பதிவுசெய்தார். எழுதியவர் கற்பனைசெய்த திட்டம் ஒன்று, பயனாளர் நின்ற நிலைமை வேறொன்று. ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. நகலெடுப்பு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழினுட்பவியலாளர்கள் நிறுவனக் கையேட்டைவிடத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுபவக் கதைகளை நம்பியே வேலை செய்தார்கள் என அவர் காட்டினார். மென்பொருள் உலகில் 2001ஆம் ஆண்டின் அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்துக்கு மேலாக இயங்கும் மென்பொருளை வைத்தது.

இரு தரப்பையும் ஒன்றாகப் படித்தால் முரண்பாடு அவ்வளவு பெரிதல்ல. ஆவணம் தோற்ற இடங்களை நௌரும் சச்மனும் ஓரும் காட்டினார்கள். தோற்றதற்குக் காரணம், அது வேலை நடக்கும் இடத்தை அறியாதவரால், கேள்வி கேட்க முடியாத வாசகருக்காக எழுதப்பட்டது. ஜூலியன் ஓர் கண்ட கதைகள் பயன்பட்டன என்றால், கதை சொன்னவரும் கேட்டவரும் ஒரே தொழிற்குழுவில் தொடர்ந்து இருந்தார்கள் என்பதால்தான். அந்தத் தொடர்ச்சி அறுபடும் இடத்தில் என்ன செய்வது என்பதற்கு இவர்களிடம் விடை இல்லை. நுரைச்சோலை போன்ற இடங்கள் முக்கியமாவது இங்கேதான்.

3. எழுதப்பட்டும் சேராதவை

ஆவணமும் இயக்கமும் சந்திக்கும் புள்ளியில் என்ன நடக்கலாம் என்பதற்குப் பொதுப் பதிவில் உள்ள மிகச் சிறந்த சான்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28 அதிகாலையில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கு, வால்வை மூடும்படி கட்டளை போயிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டவில்லை. விளக்கு அணைந்ததும் மூடிவிட்டது என்று இயக்குநர்கள் எடுத்துக்கொண்டார்கள். அழுத்தக் கலத்தின் நீர்மட்டம் உயர்ந்து தெரிந்ததால் நீர் அதிகமாகிவிட்டது என்று முடிவுசெய்து, உள்ளே பாய்ந்துகொண்டிருந்த அவசரகால நீரைக் குறைத்தார்கள். உலையில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. முதல் சில நிமிடங்களிலேயே 100க்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. அடைப்பு வால்வு ஒன்றை மூடிக் கசிவை நிறுத்த இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது.

இது பெரும்பாலும் பலகை வடிவமைப்பின் பிழையாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. விசாரித்த கெமனி ஆணைக்குழு வெளிக்கொண்டுவந்த இன்னொரு செய்தி நம் கேள்விக்கு நெருக்கமானது. 1977 செப்டெம்பரில் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் இதே வகை வால்வு இதேபோல் சிக்கியது. அங்கும் இயக்குநர்கள் நீர்மட்டத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். நிலையம் குறைந்த சக்தியில் ஓடியதாலும், சுமார் 20 நிமிடத்தில் கோளாறு கண்டறியப்பட்டதாலும் சேதமில்லை. இரு நிலையங்களுக்கும் இயந்திரத்தை வழங்கிய நிறுவனத்தின் பொறியியலாளர்கள், இயக்குநர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் அனுப்பவேண்டும் என்று உள் குறிப்புகள் எழுதினார்கள். குறிப்புகள் மேசை மேசையாக நகர்ந்தன. த்ரீ மைல் ஐலண்டின் கட்டுப்பாட்டு அறையை அவை எட்டவில்லை. அறிவு இருந்தது, எழுத்தும் இருந்தது. இயக்குநர் அந்த எழுத்தின் வாசகராக இருக்கவில்லை.

இரண்டாவது சான்று வேல்ஸின் மில்ஃபர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1994 ஜூலை 24 அன்று வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு இயக்குநர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு அலாரத்தையும் தனியே எடுத்தால் அது இருப்பதற்கு யாராவது ஒரு நியாயம் சொல்லியிருப்பார். மொத்தமாக ஒருவர் முன் வந்து விழும்போது என்ன ஆகும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்றிருக்கவில்லை. 1999இல் பிரித்தானியப் பொறியியல் உபகரண, பொருட்கள் பயனாளர் சங்கம் அலாரங்கள் குறித்து வெளியிட்ட 191ஆம் இலக்க வழிகாட்டியும், பின்னர் 2009இல் அமெரிக்காவில் வந்த ISA 18.2 தரமும் ஒரு எளிய விதியை நிலைநிறுத்தின. இயக்குநர் செய்ய வேண்டிய செயல் ஒன்று இல்லையென்றால் அது அலாரமே அல்ல. ஒவ்வொரு அலாரத்துக்கும் காரணம், விளைவு, செயல், கிடைக்கும் நேரம் என நான்கும் எழுதப்பட வேண்டும். ஆவணம் எழுதுவதே இங்கே வடிவமைப்பைத் திருத்தும் கருவியாகிறது. எழுத முடியாத அலாரத்தை நீக்கிவிட வேண்டியதுதான்.

4. நுரைச்சோலையின் நிலைமை

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், நரக்கள்ளிப் பகுதியில் அமைந்த இந்நிலையத்தின் கட்டுமானம் 2006இல் தொடங்கியது. சீன எக்ஸிம் வங்கிக் கடனில், சைனா மெஷினரி என்ஜினியரிங் கார்ப்பரேஷன் கட்டியது. முதல் 300 மெகாவாட் அலகு 2011 மார்ச்சில் திறக்கப்பட்டது. மற்ற இரண்டும் சேர்ந்த முழு நிலையம் 2014 செப்டெம்பரில், சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வருகையின்போது திறந்துவைக்கப்பட்டது. உரிமையாளராக இருந்தது இலங்கை மின்சார சபை. வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் ஒரு நாட்டிலிருந்து வந்தார்கள். தொடர்ந்து இயக்கவேண்டியவர்கள் வேறொரு நாட்டவர். ஜூலியன் ஓர் விவரித்த கதைச் சங்கிலி இத்தகைய கைமாற்றத்தில் இயல்பாகவே பலவீனமாகிறது. வெளியேறும் குழுவின் நினைவில் இருந்த காரணங்கள், எழுத்தில் தங்கினால்தான் உண்டு.

இரண்டாவது அம்சம் பருவம். நிலக்கரிக் கப்பல்கள் கரையிலிருந்து விலகி நிற்க, படகுகள் மூலம் இறங்குதுறைக்குக் கரி கொண்டுவரப்படுகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் இதற்கு இடங்கொடாது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கரியை ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் இறக்கிக் குவித்தாக வேண்டும். இதனால் சில இயந்திரங்களும் அவற்றின் திரைகளும் மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடந்து, பின்னர் ஒரே மூச்சில் வேலைக்கு வருகின்றன. தினமும் பயன்படும் திரையைக் கை பழகிக்கொள்ளும். அரிதாகத் திறக்கப்படும் திரைதான் எழுத்தின் துணையை அதிகம் வேண்டி நிற்கிறது.

அரிதாகத் திறக்கப்படும் திரைகளில் முக்கியமானவை, நின்றுபோன அலகை மீண்டும் ஓட்டுவதற்கானவை. 2020 ஓகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. விசாரணைக் குழு அதைப் பராமரிப்பு வேலையின்போது நிகழ்ந்த மனிதத் தவறு என்று முடிவுசெய்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்தொடுப்பில் பட்டதால் ஏற்பட்ட குழப்பம் மீண்டும் நாடளாவிய மின்தடையானது. தேவை குறைந்து, சூரிய மின்சாரம் நிறைந்து, அதிர்வைத் தாங்கும் சுழலும் எடை வலையமைப்பில் குறைந்திருந்த நேரம் அது. இரு நிகழ்வுகளிலும் கோளாறு தொடங்கியது வேறு இடத்தில். நுரைச்சோலை அலகுகள் பாதுகாப்புக்காகத் தாமே நின்று (ட்ரிப் ஆகி), மீள நாட்கள் பிடித்ததால் மின்வெட்டு நீண்டது. குரங்கு கேலிச்சித்திரங்களில் இடம்பிடித்தது. கரி அலகு ஒன்றைப் பாதுகாப்பாக நிறுத்துவதும் மீட்பதும் எத்தனை படிகள் கொண்ட வேலை, அதை எந்த எழுத்து வழிநடத்துகிறது என்ற கேள்வி பொது விவாதத்துக்கு வரவேயில்லை.

5. ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தல்

பயிற்சி எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். நீராவி உருளை கொண்ட எந்தக் கொதிகலனிலும் உருளையின் நீர்மட்டம் உயிர்நாடியான அளவு. மட்டம் அதிகம் இறங்கினால் குழாய்கள் வெந்து சேதமாகும். அதிகம் ஏறினால் நீர் நீராவியோடு சேர்ந்து டர்பைனுக்குள் போகும். இரு பக்கமும் ட்ரிப் எல்லை உண்டு.

மின்தேவை திடீரென ஏறும்போது கூடுதல் நீராவி இழுக்கப்பட்டு உருளையில் அழுத்தம் இறங்குகிறது. நீருக்குள் இருக்கும் நீராவிக் குமிழ்கள் பருக்கின்றன. திரையில் மட்டம் உயர்கிறது. உள்ளே இருக்கும் நீரின் நிறையோ குறைந்துகொண்டிருக்கிறது. மட்டத்தை மட்டும் நம்பி ஊட்டுநீரைக் குறைப்பவர் கொதிகலனை வறட்சிக்கே தள்ளுகிறார். த்ரீ மைல் ஐலண்டில் இயக்குநர்களை ஏமாற்றிய மட்டமானிக்கு இது நெருங்கிய உறவு.

வழக்கமான கையேட்டில் இதற்குரிய பக்கம், மட்டத்தின் மேல், கீழ் எல்லைகளையும் அலாரத்தின் பெயரையும் தந்து முடிந்துவிடலாம். பயனுள்ள பக்கம் ஐந்து செய்திகளைச் சொல்லும்: திரையில் என்ன தெரியும்; உள்ளே உண்மையில் என்ன நடந்திருக்கலாம்; எவற்றோடு ஒப்பிட வேண்டும், அதாவது நீராவி ஓட்டத்தோடும் ஊட்டுநீர் ஓட்டத்தோடும்; எதைச் செய்யக்கூடாது; எவ்வளவு நேரம் இருக்கிறது. வடிவமைப்பாளருக்கென்று ஆறாவதாக ஒன்றும் வேண்டும்: மூன்று அளவுகளும் ஒரே திரையில் அருகருகே வைக்கப்பட்டதன் காரணம். அது எழுதப்படாவிட்டால் என்ன ஆகும்? சில ஆண்டுகள் கழித்துத் திரை நெரிசலாக இருக்கிறது என்று ஒருவர் மூன்றில் ஒன்றை வேறு திரைக்கு மாற்றுவார். அவர் பார்வையில் அது அழகுபடுத்தல். முதல் வடிவமைப்பின் பாதுகாப்பு அத்தோடு போய்விடும், போனது யாருக்கும் தெரியவும் தெரியாது.

இந்த ஆறாவது செய்தியைத்தான் ரிட்டலும் மக்லீனும் பதிவுசெய்யச் சொன்னார்கள். முதல் ஐந்தை ஜூலியன் ஓர் கண்ட தொழினுட்பவியலாளர்கள் கதையாகச் சொல்லியிருப்பார்கள். நல்ல ஆவணத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் அமையும்.

6. மொழியும் மதிலுக்கு அப்பால் உள்ள வாசகரும்

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி இலங்கையில் சிங்களத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. பொறியியற் கல்வி ஆங்கிலத்தில் நடக்கிறது. நுரைச்சோலைக் கரையோரமோ கலப்பானது. தமிழ் பேசும் முஸ்லிம்களும், சிங்களமும் தமிழும் பேசும் கத்தோலிக்கரும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறியவர்களும் இங்கே வாழ்கிறார்கள். ஒரே எச்சரிக்கையைப் பொறியியலாளர் ஒரு மொழியிலும், கரிக்களத் தொழிலாளி இன்னொரு மொழியிலும், மதிலுக்கு வெளியே மரக்கறித் தோட்டம் செய்பவர் மற்றொன்றிலும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கலாம்.

இதை மொழிபெயர்ப்புப் பிரிவின் வேலையாகக் கடைசியில் தள்ளுவது வழக்கம். 2021 மேயில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் அமைந்த மின்நூலகத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பின் அந்தப் பலகை அகற்றப்பட்டது. பெயர்ப்பலகையில் அது அவமதிப்பாக முடிந்தது. அபாய அறிவிப்பில் நேர்ந்தால் விளைவு வேறு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் அவை வெட்டுப்படும். ஆகவே மொழி என்பது திரையின் அமைப்பையே தீர்மானிக்கும் காரணி. முதல் வரைபடத்திலேயே மூன்று மொழியையும் எழுதிப்பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சி உண்டாக்க வேண்டும்.

மதிலுக்கு வெளியே இருப்பவரும் இந்த அமைப்பின் பயனாளரே. காற்று வீசும் நாளில் கரிக்களத்திலிருந்து தூசு எந்தப் பக்கம் போகும், யாரிடம் முறையிடுவது, முறையிட்டால் என்ன நடக்கும் என்பதும் ஓர் ஊடாட்டம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்தது. கேட்டுப் பெறும் பக்கங்கள் வாசிக்கத்தக்கவையாக இருக்கவேண்டும் என்பது சட்டத்தால் தீராது. அது எழுதத் தெரிந்தவரின் வேலை.

7. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, செலவு. ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதினால் வேலை நடக்காது. நியாயமான மறுப்பு. 1986இல் பார்னஸும் கிளெமென்ட்ஸும் இதற்கு நடைமுறை விடை ஒன்று தந்தார்கள்: நடந்த தடுமாற்றங்களையெல்லாம் எழுத வேண்டாம், முறையாக நடந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அந்த வரிசையில், விலக்கப்பட்ட தெரிவுகளுக்கான காரணங்களோடு எழுதினால் போதும். இதற்கு ஓர் எல்லையைச் சேர்க்கலாம். மாற்றினால் ஆபத்து விளையக்கூடிய முடிவுகளுக்கு மட்டும் காரணம் கட்டாயம்.

இரண்டாவது, வழங்குநர் நிறுவனங்கள் தொழில் இரகசியம் என்று காரணங்களைத் தர மறுக்கும் என்பது. கட்டுப்பாட்டு மென்பொருளின் உள்ளமைப்பு இரகசியமாக இருக்கலாம். ஒரு அலாரத்துக்கு இயக்குநர் என்ன செய்யவேண்டும், ஏன் என்பது இரகசியமாக இருக்க முடியாது. ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டால்தான் அது கிடைக்கும். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதும் பயிற்சியின் பகுதியே.

மூன்றாவது மறுப்பே வலுவானது. பழையதாகிப்போன ஆவணம், ஆவணம் இல்லாததைவிட ஆபத்தானது. இயந்திரம் மாறி, பக்கம் மாறாமல் இருந்தால் அது தவறான நம்பிக்கையைத் தருகிறது. இதனால் எழுதுவதை விட்டுவிட வேண்டியதில்லை. திரையில் ஒரு மாற்றம் செய்தால் அதற்குரிய பக்கம் மாறாதவரை அந்த மாற்றம் முடிந்ததாகக் கொள்ளக்கூடாது என்ற ஒழுங்கே இதற்கு விடை. ஷிப்ட் லாக் புத்தகத்தில் இயக்குநர்கள் எழுதும் குறிப்புகள் கையேட்டைத் திருத்தும் வழியும் திறந்திருக்க வேண்டும். டேவிஸ்-பெஸ் அனுபவத்தில் அறுந்தது இந்த வழிதான்.

8. பயிற்சிக்கான முடிவுகள்

வடிவமைப்புக் கல்வியின் ஸ்டுடியோ மரபில் மாணவர் தம் வரைபடங்களைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்குகிறார். ஆசிரியர்கள் கேட்கிறார்கள், அவர் பதிலளிக்கிறார். வற்புறுத்திப் பேசும் திறன் இதில் வளர்கிறது. ஆனால் ஆவணம் வாசிக்கப்படும் நேரத்தில் அதை எழுதியவர் பக்கத்தில் நிற்பதில்லை. எனவே பயிற்சியின் மையப் பரீட்சையைத் தலைகீழாக்க வேண்டும். மாணவர் எழுதிய பக்கத்தை வேறு துறை மாணவரிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்து ஒரு மாதிரி அமைப்பை இயக்கச் சொல்ல வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. மதிப்பெண், பக்கத்தின் அழகுக்கோ மொழிநடைக்கோ கிடையாது. இயக்கியவர் எங்கே தடுமாறினார் என்பதைக் கொண்டே வழங்கப்பட வேண்டும்.

இதற்கு இலங்கையில் அடித்தளம் இல்லாமலில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டக் கல்வி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி இருக்கிறது. தேசிய தொழிற்றகைமை முறையில், ஒருவர் வேலையைச் செய்துகாட்டுவதைக் கொண்டே தகைமை வழங்கும் மரபும் இருக்கிறது. இம்மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. வடிவமைப்பு மாணவர் ஒரு கட்டுப்பாட்டு அறையின் ஷிப்ட் மாற்றத்தை உடனிருந்து பார்ப்பதும், மின்நிலைய இயக்குநர் வடிவமைப்பு வகுப்பில் பரீட்சகராக அமர்வதும் புதிய கட்டடமோ பெரும் பணமோ கேட்கும் காரியங்களல்ல.

ஊடாட்ட வடிவமைப்பு திரையோடு முடிவதில்லை. அதை விளக்கும் பக்கம் அதன் ஓர் உறுப்பு. அந்தப் பக்கம் பிழைத்தால் வடிவமைப்பும் பிழைத்ததாகவே கொள்ள வேண்டும். நுரைச்சோலை போன்ற கொள்முதல்கள் இனியும் நடக்கும்: சூரியப் பூங்காக்கள், மின்கல நிலையங்கள், புதிய வலையமைப்புக் கட்டுப்பாட்டு மையங்கள். அவற்றின் ஒப்பந்தங்களில் இயந்திரத்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் உள்ளதுபோல், முடிவுகளின் காரணங்களைக் கையளிப்பதற்கும் ஒரு வாசகம் இருக்கவேண்டும். கையளிக்கப்பட்டவை பயன்படுமா என்று சோதித்துச் சொல்லப் பயிற்சிபெற்றவர்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே மேசையில் அமர்ந்திருக்கவும் வேண்டும்.